இறைச்சி ஆலைத் தொழிலாளியும் நல்லாஜீவமும்

சென்ற பௌர்ணமி உபோசதத்தன்று, வந்தனமும் பஞ்சசீலமும் முடிந்து தம்ம விசாரணைக்காக அமர்ந்திருந்த வேளையில், இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். வடநாட்டில் ஏற்றுமதிக்காக இறைச்சி பதப்படுத்தும் ஆலையொன்றில் வேலை செய்த ஒருவருக்கு, எலும்பறுக்கும் இயந்திர வாளிற் சிக்கி வலக்கை விரல்கள் இரண்டு போய்விட்டன. "உயிர்க்கொலைத் தொழிலில் இருந்தவருக்கு வந்த இக்கேடு அத்தொழிலின் வினைப்பயன் அல்லவா? அவர்பால் இரங்குவது வினையின் நியதிக்குக் குறுக்கே நிற்பதாகாதா?" என்பதே வினா. கூட்டத்திற் சிலர் தலையசைத்தனர். பகவன் விலக்கிய ஐந்து வணிகங்களுள் இறைச்சி வணிகமும் ஒன்றன்றோ என்று முதியவர் ஒருவர் எடுத்துக்காட்டினார். நேரம் கடந்துவிட்டமையால் விடை கூறாமலே கலைந்தோம். கலைந்தது நன்றாயிற்று என்றே எண்ணுகின்றேன். அவசரத்தில் நானும் ஏதேனும் பிழைபடக் கூறியிருப்பேன்.

முதியவர் சொன்னதில் தவறில்லை. அங்குத்தர நிகாயத்தில் உபாசகன் செய்யத்தகாத வணிகங்களாக ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தும் கூறப்பட்டுள்ளன. ஆடு கொல்வோரையும் பன்றி கொல்வோரையும் பிறரை வருத்தும் மாந்தர் வரிசையில் வைத்துப் பேசும் சூத்திரமும் உண்டு. நமக்கு வசதியில்லை என்பதற்காக இவற்றை மறைத்துப் பேசுதல் கூடாது. ஆயினும் விலக்கப்பட்ட தொழில் இது என்பது ஒன்று. அத்தொழிலில் அடிபட்டவன் அடிபடத் தக்கவன் என்பது முற்றிலும் வேறொன்று. முன்னது தம்மம். பின்னது தம்மத்தின் பெயரால் நம்மிடம் ஒட்டிக்கொண்டு வந்த பழைய அழுக்கு.

எங்கிருந்து வந்த அழுக்கு என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஊருக்கு வெளியே குடியிருந்ததும், செத்த மாட்டைத் தூக்கியதும், குளத்தில் நீர் மொள்ளக்கூடாதென்று தடுக்கப்பட்டதும் முற்பிறப்பின் வினைப்பயன் என்றே நம் பாட்டனாருக்குச் சொல்லப்பட்டது. பாபாசாகேப் அம்பேத்கர் தம் இறுதி நூலாகிய 'புத்தரும் அவர் தம்மமும்' என்பதில் இக்கொள்கையைக் கடுமையாகச் சாடினார். ஏழைகளின் நிலைக்கு அரசும் சமுதாயமும் ஏற்கவேண்டிய பொறுப்பை முற்பிறப்பு வினை தட்டிக்கழித்து விடுகின்றது என்பது அவர் கண்ட குற்றம். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அவரும் இலட்சக்கணக்கானோரும் எதனை உதறிவிட்டு எழுந்தார்களோ, அதனையே விரலிழந்த ஒரு தொழிலாளியின்மேல் நாம் எடுத்துப் போர்த்துவோமாயின், நாம் மாற்றிக்கொண்டது பெயரை மட்டுமே ஆகும்.

பகவன் இதுபற்றிக் கூறியதும் தெளிவாக உள்ளது. சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்னும் பரிவிராசகன் அவரிடம் வந்து, மனிதன் நுகரும் துன்பம் யாவும் முன்செய் வினையால் வருவது என்று சிலர் கூறுகின்றனரே, அது மெய்யோ என வினவுகின்றான். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவமாறுதல், முறைகேடான பேணுதல், பிறர் செய்யும் தாக்குதல், இறுதியில் வினைப்பயன் என எட்டுக் காரணங்களை வகுத்துரைத்து, எல்லாம் முன்வினையே என்போர் தாம் அறிந்த எல்லையையும் உலகம் அறிந்த எல்லையையும் கடந்து பேசுகின்றனர் என்று பகவன் முடிக்கின்றார். எட்டில் ஒன்றையே பிடித்துக்கொண்டு ஏனைய ஏழையும் மறப்போர் அன்றும் இருந்தனர் போலும். காப்புத் தகடு இல்லாத வாளின் முன் ஒருவனை நிறுத்தினால் விரல் போவது முறைகேடான பேணுதலாலா, முன்வினையாலா என்று அறிய ஞானக்கண் வேண்டியதில்லை. தகட்டைப் பூட்டிப் பார்த்தாற் போதும்.

அவ்வாலைகளில் நடப்பது யாது என்பதையும் சிறிது காண்போம். அமெரிக்க நாட்டின் செய்திகளையே எடுத்துக்கொள்கின்றேன். அங்கே இத்தொழில் மிகப் பெரிது. அதன் கேடுகள் நூறாண்டுக்கு மேலாக எழுத்திற் பதிவாகியும் உள்ளன.

பெரிய இறைச்சி ஆலையை நம் ஊர்க் கசாப்புக் கடையோடு ஒப்பிட்டு எண்ணுதல் பிழை. கடைக்காரர் களைத்தால் கத்தியைக் கீழே வைப்பார். ஆலையிலோ தலைக்கு மேலே சங்கிலி ஓடுகின்றது, சங்கிலியில் கொக்கிகள், கொக்கிதோறும் ஓர் உடல். உடல்கள் நகரும், மனிதர் நிற்பர். ஒருவருக்குத் தோள்மூட்டில் ஒரு வெட்டு, அடுத்தவருக்குத் தொடையில் ஒரு வெட்டு. அதே வெட்டை நாள் முழுதும், ஆண்டு முழுதும் இடுதல் வேண்டும். தரையில் நீரும் கொழுப்பும். இறைச்சி கெடாதிருக்க அறை குளிர்ந்திருக்கும்; குளிரில் விரல் விறைக்கும்; கத்தியின் கூர் மழுங்க மழுங்க மணிக்கட்டு மேலும் வலிந்து அழுத்தும். அருகில் நிற்பவரின் கத்தி தம் முழங்கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கும். எஃகு வளையங்களாற் பின்னிய கையுறை கத்திக்குத் தாங்கும். சுழலும் வாளுக்குத் தாங்காது. வெட்டுக்காயமும் விரலிழப்பும் கண்ணுக்குத் தெரிவன. தெரியாதது ஒன்றுண்டு. 2014-ஆம் ஆண்டு வெளியான அந்நாட்டு அரசின் தொழிற்சுகாதார ஆய்வறிக்கையின்படி, தென் கரோலினாவின் கோழி ஆலையொன்றிற் சோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு 42 பேரிடம் மணிக்கட்டு நரம்பு நசுங்கும் நோய் காணப்பட்டது. மேரிலாந்தின் மற்றோர் ஆலையில் அது நூற்றுக்கு 34. இரவில் கை மரத்துத் தூக்கம் கலையும். நாளடைவில் சட்டைப் பொத்தான் இடவும் வலுவிராது. குருதி சிந்தாத காயம் ஆதலின் ஏட்டில் ஏறாமற் போவதும் எளிது.

1904-ஆம் ஆண்டு அப்டன் சின்க்ளேர் என்னும் எழுத்தாளர் சிகாகோ நகரின் இறைச்சி ஆலைத் தொழிலாளரிடையே ஏழு வாரம் பழகி, அவர்கள் படும் பாட்டை ஒரு நாவலாக எழுதினார். 1906-இல் நூலாக வந்த அதன் பெயர் 'காடு' எனப் பொருள்படும். நாடே கொதித்தெழுந்தது. அவ்வாண்டு ஜூன் 30-ஆம் நாளே இறைச்சி மேற்பார்வைச் சட்டமும் தூய உணவுச் சட்டமும் கையொப்பமாயின. ஆனால் அச்சட்டங்கள் எவரைக் காத்தன? உண்பவரை. தாம் உண்ணும் தகரப்பெட்டி இறைச்சியில் என்ன கலந்திருக்கிறதோ என்னும் அச்சமே மக்களை எழுப்பிற்று. புண்பட்ட கையைக் காட்டியவருக்கு, அதைப் படித்தவர் தம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு நன்றி கூறினர். சின்க்ளேரே பிற்காலத்தில் இதை நினைந்து வருந்தினார்.

இது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 1991-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், அந்நாட்டுத் தொழிலாளர் திருநாளுக்கு மறுநாள், வட கரோலினாவின் ஹாம்லெட் என்னும் சிற்றூரில் கோழி இறைச்சி ஆலையொன்று தீப்பற்றியது. பொரிக்கும் எண்ணெய்த் தொட்டிக்கு அருகே விசையெண்ணெய்க் குழாய் பிய்த்துக்கொண்டதால் எழுந்த தீ. கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. தொழிலாளர் கோழியைத் திருடிவிடுவர் என்னும் ஐயத்தால் பூட்டியது. 25 பேர் மாண்டனர்; ஐம்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கதவில் உதைத்த காலடிச் சுவடுகள் பின்னர் காணப்பட்டன. அவ்வாலை நடந்த 11 ஆண்டுகளில் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி ஒருமுறையும் அதனுள் அடிவைத்ததில்லை. இறைச்சியைச் சோதிக்கும் அதிகாரியோ நாள்தோறும் வந்துகொண்டிருந்தார்.

சங்கிலியின் வேகமும் இப்படிப்பட்டதே. 2014-ஆம் ஆண்டு விதிப்படி கோழிகளுக்கு நிமிடத்துக்கு 140 என்பது எல்லை. சில ஆலைகளுக்கு 175 வரை சிறப்பு அனுமதி. இவ்வெல்லையை வகுத்தது உணவுத்துறை. தொழிலாளியின் மணிக்கட்டு எத்தனை வெட்டைத் தாங்கும் என்று கணக்கிட்டு வகுத்ததன்று. கோழியின் உட்புறத்தைச் சோதிப்பவர் பார்க்க எத்துணை நேரம் தேவை என்று கணக்கிட்டது. 2019-இல் பன்றி ஆலைகளுக்கு வேக எல்லையையே நீக்கினர். தொழிலாளர் பாதுகாப்பை எண்ணிப் பார்ப்பது தன் வேலையன்று என அத்துறை கைவிரித்தது. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மின்னசோட்டா மாநிலத்து நடுவண் நீதிமன்றம் அதனை ஏற்காது, அந்நீக்கத்தைச் செல்லாததாக்கிற்று. 2023-இலோ, பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள சிறுவர் 102 பேர், எட்டு மாநிலங்களின் 13 இறைச்சி ஆலைகளில், நள்ளிரவில் வாள்களையும் எலும்பு பிளக்கும் இயந்திரங்களையும் கடுங்கார நீரால் கழுவி வந்தமை அந்நாட்டுத் தொழில் துறையாற் கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வாலைகளில் கத்தி பிடிப்போர் யார்? பெரும்பாலும் பிழைப்புத் தேடி எல்லை கடந்து வந்தவர், அகதிகள். அயோவா மாநிலத்து ஆலைகளில் லாவோஸ் நாட்டவர் பல்லாண்டாக உழைத்து வருகின்றனர். அவர்களிற் பலர் திரிசரணம் கூறும் பௌத்தர் என்பதை நம் கூட்டத்திற் தலையசைத்த அன்பர்கள் நினைவிற் கொள்க.

இனி, வினையைப் பற்றியே பேசுவோம். எண்ணமே வினை என்பது நம் கொள்கை. அப்படியாயின் இவ்வாலையில் கொலையெண்ணம் யாருடையது? ஆயிரம் பேர் உழைக்கும் இடத்தில் உயிர்போக்குவோர் சிலரே. ஏனையோர் உயிரற்ற உடலை வெட்டுவோர், பொதிவோர், தரை கழுவுவோர். இன்று எத்தனை உயிர், எத்துணை வேகம் என்று எழுதி அனுப்பும் கையோ கத்தியே பிடித்ததில்லை. மஜ்ஜிம நிகாயத்தின் ஜீவக சூத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ததாகதருக்கென ஒருவன் உயிரைக் கொல்வானாயின் ஐந்து வகையில் தீவினை ஈட்டுகின்றான் என்று அங்கே கூறப்படுகின்றது. அவ்வைந்தில் முதலாவது, 'போய் அந்த விலங்கைக் கொண்டு வா' என்று ஏவுவது. இரண்டாவது, கழுத்திற் கட்டி இழுக்கப்படும் விலங்கு படும் துயர். மூன்றாவது, 'கொல்' என்று ஏவுவது. ஏவலே முதலிடத்தில் நிற்கின்றது. ஏவியவனை விட்டுவிட்டு ஏவப்பட்டவனின் விரலில் வினைப்பயனைத் தேடுவது, அச்சூத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதாகும். ஏவுவோருக்குப் பின்னால் வாங்குவோரும் நிற்கின்றனர். உண்பதற்கென்று விலை கொடுப்பார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்னும் கருத்தை நம் குறளாசிரியர் புலால் மறுத்தலில் வைத்துள்ளார். நம்மில் எத்தனை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கின்றது என்பதை நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் என் வீட்டையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும்.

குறளைத் தொட்டமையால் மற்றொன்றும் சொல்லிவிடுகின்றேன். கொலைத்தொழில் செய்வோரை அந்நூல் மிகத் தாழ்ந்த சொல்லாற் குறிக்கும் இடமும் உண்டு. அதனைப் படிக்குந்தோறும் என் மனம் சற்றே தயங்கி நிற்கும். கொல்லாமையை வற்புறுத்துதற்கு அச்சொல் உதவிற்று. அச்சொல்லே பின்னர் யார் மேல் வீசப்பட்டதென்பதும் நாம் அறிந்ததே. இன்னொருவர் மேல் அதனை வீசுதற்கு நம் நாவுக்கு எப்படி மனம் வரும்?

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தமிழ்ப் பௌத்தம் சுரங்கத் தொழிலாளரின் கூலிக்காசில் வளர்ந்தது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பாறை வெடித்துச் சிதறி மாண்டவர் எத்தனையோ பேர்; நுரையீரலிற் கற்றூசி படிந்து சிலிகோசிஸ் நோயால் இருமி இருமி மெலிந்தவர் எத்தனையோ பேர். 2001-இல் அச்சுரங்கம் மூடப்பட்ட பின்னும் அவ்விருமல் ஓயவில்லை. பொன்னோ லோபத்தின் உருவம். பிக்குகள் கையாற் தீண்டலாகாதது. ஆயினும், பொன் தோண்டினாய், ஆகையால் உன் மார்பு அடைத்தது என்று எந்த உபாசகரும் எந்த விதவையிடமும் கூறியதில்லை. கூறியிருந்தால் அவரை விகாரையின் படியேற விட்டிருக்க மாட்டார்கள். பொன்னுக்கு ஒரு நீதி, இறைச்சிக்கு ஒரு நீதியா? 1942 முதல் 1946 வரை வைசிராயின் சபையில் தொழில் உறுப்பினராய் இருந்த பாபாசாகேப், ஆலைத் தொழிலாளரின் வேலை நேரத்தைக் குறைக்கப் பாடுபட்டபோது, எந்த ஆலையில் எந்தப் பண்டம் உருவாகின்றது என்று பார்த்துப் பாகுபாடு செய்தாரில்லை.

இங்கே ஒரு தடை எழும். அது நேர்மையான தடை. ஆலையைப் பாதுகாப்பாக்கச் சொன்னால் கொலையைச் செம்மையாக நடத்தச் சொன்னதாகாதா? கத்திக்குக் கூரும் கைக்கு உறையும் வாங்கிக் கொடுத்துக் கொல்லாமை பேசலாமா? இவ்வினா என்னைப் பலநாள் வருத்தியதுண்டு. தொழிலாளியைத் துன்புறுத்தினால் கொலை குறையும் என்றால் இத்தடைக்குப் பொருள் இருக்கும். ஆனால் விரல் போனவன் இடத்தில் மறுநாட் காலையே வேறொருவன் நிற்கின்றான். ஒரு விலங்கும் அதனாற் பிழைப்பதில்லை. மாறாக, கையை அறுக்கும் வேகமே விலங்கையும் வதைக்கின்றது. சங்கிலி விரைய விரைய, உணர்விழக்கச் செய்யும் அடி குறி தவறுகின்றது. உணர்வு தெளிந்திருக்கும்போதே விலங்கு கத்திக்குச் செல்கின்றது. வேகத்தைக் குறைத்தால் இருவர் துயரும் ஒருங்கே குறையும். தொழிலாளரின் வலிமைக்கேற்ப வேலை தருதலும், நோயுற்றபோது பேணுதலும் முதலாளியின் கடமை என்று சிகாலோவாத சூத்திரத்தில் பகவன் விதித்தபோது, எந்த முதலாளிக்கும் விலக்கு அளிக்கவில்லை.

மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய கதையை நாம் அறிவோம். ஊனும் கள்ளும் உண்ணும் நாகர் தலைவன், இவற்றை விட்டால் நாங்கள் உயிர் வாழ்வது எப்படி, எங்களுக்கு இயன்ற அறத்தைச் சொல் என்று கேட்கின்றான். சாதுவன் அவனைத் தாழ்த்திப் பேசவில்லை. பாவி என்று ஒதுங்கவும் இல்லை. கலம் உடைந்து கரைசேரும் மனிதரைக் கொல்லாது காக்குமாறும், மூப்படைந்து தானே மாளும் விலங்கைத் தவிர வேறு எவ்வுயிருக்கும் தீங்கு செய்யாதிருக்குமாறும் கூறுகின்றான். மனித உயிரும் விலங்கின் உயிரும் அங்கே ஒரே அறிவுரையில் வந்து நிற்கின்றன. அந்நாகரோடு உட்கார்ந்து பேசியதனால் அன்றோ அவ்வளவும் கைகூடிற்று!

ஜார்ஜியா மாநிலத்துக் கெயின்ஸ்வில் நகரில் 2021-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் நடந்ததையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. கோழி இறைச்சியை உறையவைக்கும் இயந்திரத்திலிருந்து திரவ நைட்ரஜன் கசிந்து அறையை நிரப்பிற்று. திரவத்தின் அளவை உணரும் குழாய் வளைந்து பயனற்றிருந்தது. காற்றில் பிராணவாயு குறைந்தால் எச்சரிக்கும் கருவி அறையில் இல்லை. பழுது பார்க்கச் சென்ற இருவர் வீழ்ந்தனர். அவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்று பார்க்கவும் மீட்கவும் ஒருவர்பின் ஒருவராய்ச் சென்றோருள் மேலும் நால்வர் மாண்டனர். இறைச்சி ஆலையிற் கூலிக்கு நின்றவர் அவர்கள். பிறன் உயிருக்காகத் தன் உயிரைப் பொருட்படுத்தாத செயலை நம் ஜாதகக் கதைகளிற் கேட்டுக் கண்ணீர் உகுக்கும் நாம், அந்நால்வரின் கணக்கில் எதனை எழுதப் போகின்றோம்?

வினா விடுத்த இளைஞரை மறுநாள் தனியே கண்டேன். விரலிழந்தவர் அவருடைய தமையனார் என்பதை அப்போதுதான் கூறினார். "ஐயா, அண்ணன் ஊருக்கு வந்திருக்கிறார். சீலம் எடுக்க ஆசைப்படுகிறார். ஆனால் அவர் செய்த வேலை தெரிந்தால் சங்கத்தார் என்ன நினைப்பார்களோ என்றுதான் பொதுவில் கேட்டுப் பார்த்தேன்" என்றார். தலையசைத்தவர்களைக் கண்ட அவர் மனம் அன்றிரவு எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணி நான் வெட்கினேன்.

தமையனாரையும் கண்டு பேசினேன். வேறு வேலை கிடைத்தால் அத்தொழிலுக்குத் திரும்ப விருப்பமில்லை என்கின்றார்; ஆனால் இரு விரல் இல்லாத வலக்கைக்கு யார் வேலை தருவர் என்பது அவர் கவலை. ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவராதலின் ஆலையின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லையாம்; ஆகையால் நட்டஈடு கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டனர். அது சரியன்று. ஒப்பந்தக்காரர் வழி வந்தவருக்கும் மூல முதலாளி பொறுப்பாவார் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமே விதித்திருந்தது. ஒரு கையில் இரு விரல் இழப்பை உழைக்கும் திறனில் நூற்றுக்கு 20 பங்கு இழப்பாக அதன் அட்டவணை கணக்கிட்டது. சட்டம் அறிந்த அன்பர் ஒருவர் விண்ணப்பம் எழுதித்தர இசைந்துள்ளார். மருத்துவமனைச் சீட்டும், உடன் வேலை செய்த இருவரின் சாட்சியும் வேண்டும். அவர்களுக்குக் கடிதம் எழுதியாயிற்று.

வரும் பௌர்ணமிக்கு அவர் நம் கூட்டத்துக்கு வருகின்றார். கை குவித்து அஞ்சலி செய்வதற்கு அவருக்குக் கூச்சம் இருக்கின்றது. முன்வரிசையில் தம்பியின் அருகே ஓர் இடம் விட்டு வைக்குமாறு செயலாளரிடம் சொல்லியிருக்கின்றேன்.